பத்து நாளா, பத்து நிமிடமா, பக்கத்து இருக்கையா?

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை. பெரம்பூரில் நாங்கள் போகிற கிறிஸ்தவ சபையின் பாலர் வகுப்புக்குப் புதிதாக ஒரு பையன் வந்தான். ஐந்து வயது இருக்கும். காதுக்குப் பின்னால் ஒரு கருவி, அதிலிருந்து ஒரு சின்ன ஒயர், ஒயரின் நுனியில் நாணயம் மாதிரி ஒரு வட்டு. அது முடிக்கு நடுவே தலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதே வயதுள்ள என் மகள் அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "அம்மா, இவன் ரோபோவா?" என்றாள்.

அந்த வகுப்புக்கு டீச்சர் நான்தான். பல வருடமாக, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்குச் சமாரியன் ஒருவன் உதவும் நல்ல சமாரியன் கதையைப் படம் ஒட்டிச் சொல்லிக்கொடுத்து வருகிறவள். அப்படிப்பட்ட என் வாயிலிருந்து வந்தது, "ஷ்ஷ்! அப்படியெல்லாம் கேட்கக் கூடாது." பையனின் அம்மாதான் குனிந்து பதில் சொன்னார்: "இது அவனோட காது பாப்பா. காந்தம் வச்சு ஒட்டியிருக்கு. தொட்டுப் பார்க்கணும்னா அவன்கிட்டயே கேளு." என் மகள் கேட்டாள். அவன் "மாட்டேன்" என்றான். சரி, அதுவும் ஒரு பதில்தானே.

அடுத்த வாரம் ஞாயிறு பள்ளி ஆசிரியர் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தது. மற்றவர்களிடம் இருக்கும் வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ளப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? மே மாத வி.பி.எஸ்.ஸில், அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளியில், இதையே தலைப்பாக வைக்கலாம் என்றார் ஒரு அண்ணன். பிள்ளைகளை ஒரு ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கூட்டிப் போகலாம் என்றார் ஒரு அக்கா. ஆயரம்மா, "எல்லாத்தையும் சபை தலையில கட்டாதீங்க, வீட்டு ஜெபத்துல அப்பா அம்மா சொல்லிக்கொடுக்கட்டும்" என்றார். யாரும் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு வழியும் இருந்தது. தனியாக ஒன்றும் நடத்தாமல், அந்தப் பையன் வகுப்பில் நன்றாக உட்கார என்ன வேண்டுமோ அதை மட்டும் செய்வது. ஏப்ரல் கூட்டத்துக்குள் நான்கையும் யோசித்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. "ஷ்ஷ்" சொன்னவள் நான் என்பதால் மறுக்க முடியவில்லை.

நான் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான். எல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்து, தன்னைப் போல இல்லாத ஒரு பிள்ளையைப் பார்க்கும்போது என் மகள் வாயில் என்ன சொல் வரும்? "பாவம்" என்று வந்தால் தோல்வி என்று முடிவு செய்துகொண்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இல்லத்துக்குப் போவதைப் பார்க்கலாம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சென்னையில் பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பிரியாணிப் பொட்டலம், கேக், பென்சில் பாக்ஸ் எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு இல்லத்துக்குப் போவது பழகிப்போன வழக்கம். நானும் ஏழு வயதில் அப்படிப் போயிருக்கிறேன். என் வயதுப் பெண் ஒருத்திக்கு சோப்பு டப்பா கொடுத்தேன். அவர்கள் எங்களுக்காக வரிசையில் நின்று பாட்டுப் பாடினார்கள். திரும்பும் வழியில் வேனுக்குள் எல்லோரும் "பாவம்ல?" என்று பேசிக்கொண்டோம். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. கொடுக்கிறவர்கள் நாம், வாங்குகிறவர்கள் அவர்கள் என்பதை அந்த ஒரு மத்தியானம் நன்றாகவே கற்றுக்கொடுத்தது.

தமிழில் இந்தச் சொல்லோடு ஒரு சிக்கல் இருக்கிறது. இரக்கப்பட்டாலும் "பாவம்", கடவுளுக்கு விரோதமாகச் செய்ததும் "பாவம்". யோவான் 9ஆம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் கண்டதும் சீஷர்கள் கேட்கும் முதல் கேள்வியே, இது இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்பதுதான். இரண்டுமில்லை என்று இயேசு உடனே மறுத்துவிடுகிறார். அவர் அங்கே மறுத்ததை நாம் "ஐயோ பாவம்" என்ற வேறு அர்த்தத்தில் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு அர்த்தமும் கலந்துதானே காதில் விழும்?

பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகத்தான் வேண்டும் என்றால் மெரினாவுக்குப் போகலாம். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் அலைக்குப் பக்கம் வரை போக 2022 நவம்பரில் அங்கே மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பிய்த்துப் போட்டது, பிறகு சரிசெய்தார்கள். அங்கே யாரும் யாருக்கும் சோப்பு டப்பா கொடுப்பதில்லை. எல்லோரும் கடல் பார்க்க வந்தவர்கள்தான்.

அடுத்து வி.பி.எஸ். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. பத்து நாள், காலை நேரம், கையை ஆட்டி ஆடும் பாட்டுகள், மனப்பாட வசனம், கைவேலை, ரஸ்னா, கடைசி நாள் கலைநிகழ்ச்சி. சபையின் வருடத்திலேயே மிகவும் கலந்த கூட்டம் அதில்தான் இருக்கும். பக்கத்துத் தெருப் பிள்ளைகள், கிறிஸ்தவர் அல்லாத வீட்டுப் பிள்ளைகள், கட்டட வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்தின் இரண்டு பேர் என்று எல்லோரும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இந்தக் கலவை வராது.

ஆனால் அத்தனை வித்தியாசத்தையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டு, பிறகு எல்லோரையும் ஒரே மாதிரி ஆக்கத்தான் நாங்கள் பாடுபடுகிறோம். ஒரே சட்டை, ஒரே அசைவு, வசனத்தை வேகமாக ஒப்பிக்கிறவனுக்குப் பரிசு. திக்கித் திக்கிப் பேசும் பிள்ளை அங்கே என்ன செய்யும்? அப்புறம் சத்தம். அந்தப் பையனைப் போல காக்ளியர் இம்ப்ளான்ட் (காது கேட்க அறுவை சிகிச்சையில் பொருத்தும் கருவி) வைத்த பிள்ளைக்கு வெளிக்கருவியின் மைக் சத்தத்தைப் பிடித்து, தலையில் ஒட்டிய வட்டு வழியாக உள்ளே அனுப்புகிறது. உட்காதில் இருக்கும் மின்முனைகள் செவிநரம்பைத் தூண்டுகின்றன. பல பேர் ஒரே நேரத்தில் கத்தினால் எது யாருடைய குரல் என்று பிரித்தெடுப்பது மிகவும் கஷ்டம். ஸ்பீக்கர், கீபோர்டு, நூறு பிள்ளைகள் என்றால் கேட்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே சிறு குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை செய்கிறார்கள். எனவே சென்னையில் எந்தச் சபைக்கும் நாளைக்கே இப்படி ஒரு பிள்ளை வரலாம்.

வி.பி.எஸ்.ஸில் எனக்கு இன்னொரு நெருடலும் உண்டு. எழுத்தே இல்லாத, வண்ணப் பக்கங்கள் மட்டும் உள்ள ஒரு சின்னப் புத்தகத்தை வைத்துச் சுவிசேஷம் சொல்வோம். 1866இல் லண்டனில் ஸ்பர்ஜன் என்ற போதகர் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்று பக்கங்களை வைத்துப் பிரசங்கம் செய்ததிலிருந்து வந்த வழக்கம் அது. பொன் நிறமும் பச்சையும் பின்னால் சேர்ந்தவை. "கறுப்பு பாவம், வெள்ளை சுத்தம்" என்று நானும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். போன வருடம் அப்படிச் சொல்லும்போது முன்வரிசையில் இருந்த ஒரு பெண் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். வெயிலில் கறுத்துவிடுவாய் என்று பாட்டிகள் பவுடர் அப்பிவிடும் ஊரில், இதைச் சபையும் சேர்ந்து சொல்லலாமா? இப்போது நான் அந்தப் பக்கத்தை "இருட்டு" என்று மட்டும் சொல்கிறேன்.

இதற்காகவே வேதாகமத்தில் உன்னதப்பாட்டை எடுத்துப் பார்த்தேன். 1ஆம் அதிகாரம் 5ஆம் வசனத்தில் அந்தப் பெண், "நான் கறுப்பாயிருந்தாலும், அழகாயிருக்கிறேன்" என்கிறாள். அந்த "ஆலும்" என்னை உறுத்தியது. எபிரெய மூலத்தில் இருக்கும் இணைப்புச் சொல்லை "ஆனாலும்" என்றும் கொள்ளலாம், வெறும் "உம்" என்றும் கொள்ளலாம். "நான் கறுப்பும் அழகும்" என்று வாசித்தால் என்ன குறைந்துவிடும்? என் மகளுக்கு அப்படித்தான் வாசித்துக் காட்டுகிறேன்.

வீட்டு ஜெபத்துக்கு வருவோம். எங்கள் வீட்டில் சாப்பிட்டு முடித்துப் படுக்கப் போகுமுன் பத்து நிமிடம். செலவில்லை, சத்தமில்லை, பகலில் பார்த்ததை அன்றிரவே கேட்டுவிடலாம். சிறு பிள்ளைக்குக் கேள்வி வரும் நேரத்தில் பதில் கிடைக்க வேண்டும். மே மாதம் வரை காத்திருக்கச் சொன்னால் அதற்குள் பத்துக் கேள்வி மாறிவிடும். ஆயரம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் எந்தக் கதையைச் சொல்வது என்பதில் நான் தடுக்கி விழுந்தேன். காது கேளாதவரைப் பற்றித்தானே, மாற்கு 7ஆம் அதிகாரம் இருக்கிறதே என்று எடுத்தேன். இயேசு "எப்பத்தா" என்று சொன்னதும் காது திறக்கிறது. கதை முடிந்ததும் மகள் கேட்டாள்: "அப்ப ஏன் இயேசப்பா அவனுக்கு மட்டும் சரி பண்ணல? அவன் ஜெபம் பண்ணலையா?" சொன்ன கதையே அந்தப் பையனிடம் ஏதோ குறை இருப்பதாகச் சொல்லிக் கொடுத்துவிட்டது. சுகமளிக்கும் கதைகளை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைக்கு, சுகமாகாத மனிதர் எல்லாம் விசுவாசத்தில் எங்கோ கோட்டை விட்டவர்கள் என்றுதான் தோன்றும். அந்தக் கதையில் பெரியவர்கள் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு வரி உண்டு. இயேசு அந்த மனிதரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப் போகிறார். காது கேட்காதவரோடு இருக்கச் சத்தமில்லாத இடம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் வி.பி.எஸ். குழுவுக்கு அது தெரியவில்லை.

அதன் பிறகு மேவிபோசேத்துக்கு மாறினேன். முன்பு ராஜாவாக இருந்த சவுலின் பேரன், தாவீதின் நண்பன் யோனத்தானின் மகன். ஐந்து வயதில் தாதி தூக்கிக்கொண்டு ஓடும்போது விழுந்து இரண்டு காலும் முடமானவர். தாவீது ராஜா அவரைத் தேடி அழைத்துத் தன் பந்தியில் உட்கார வைக்கிறார். 2 சாமுவேல் 9ஆம் அதிகாரத்தின் கடைசி வரியிலும் அவர் கால் அப்படியேதான் இருக்கிறது. யாரும் குணமாக்கவில்லை, ஆனால் தினமும் ராஜாவோடு சாப்பாடு. மகளுக்கு இது சட்டென்று பிடித்துவிட்டது, ஏனென்றால் பந்தி அவளுக்குத் தெரியும். எங்கள் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அங்கே கிறிஸ்தவக் கோயில் பண்டிகையில் அசனம் என்று ஊரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும். தமிழ் வேதாகமத்தில் மேவிபோசேத் ராஜாவோடு சாப்பிடுவதற்கும் "அசனம்" என்ற சொல்தான். சென்னையில் அதைப் பொட்டலமாகக் கொடுத்தனுப்பிவிடுகிறார்கள். யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லாமல் போகிறது.

மோசேயும் நல்ல துணை. "நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்" என்று அவர் பின்வாங்கும்போது, கடவுள் அவர் நாக்கைச் சரிசெய்துவிட்டு அனுப்பவில்லை. பேச அண்ணன் ஆரோனைக் கூட அனுப்புகிறார். துணைக்கு ஆள் வைத்துக்கொள்வது கேவலமில்லை என்று இதை வைத்து ஒரு பிள்ளைக்குச் சொல்லலாம்.

நல்ல சமாரியன் கதையை நான் இத்தனை வருடம் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அடிபட்டவர்களுக்கு நாம் உதவ வேண்டும்" என்றுதான் முடிப்பேன். லூக்கா 10இல் உதவி செய்கிறவன்தான் வேறு ஆள். யூதர்கள் சேர்த்துக்கொள்ளாத, வேறு மலையில் தொழுதுகொள்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன். அடிபட்டுக் கிடக்கிற இடத்தில் நாம் இருக்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனவர்கள் படகுகளைக் கொண்டுவந்து மாடியில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கினார்களே, இந்தக் கதையை அங்கிருந்து ஆரம்பிக்கலாம். படகில் ஏறுமுன் யாரும் "அண்ணே, நீங்க எந்தச் சாமி?" என்று கேட்டிருக்க மாட்டார்கள். மேல் வீட்டு மாமி கொலுவுக்குக் கூப்பிட்டபோது, "அவங்க சாமி பொய்ச் சாமியா?" என்று மகள் கேட்டதற்கு எனக்கு இந்தக் கதைதான் கைகொடுத்தது. நாம் இயேசுவை ஆராதிக்கிறோம், மாமி வேறு விதமாகச் சாமி கும்பிடுகிறார், உனக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரியில் ஆட்டோ பிடித்துக் கொடுத்தது யார் என்று கேட்டேன். சுண்டல் சாப்பிடலாமா கூடாதா என்பதில் வீட்டுக்கு வீடு வேறு முடிவு இருக்கும், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் சாப்பிடாத பிள்ளையும் மரியாதையாக "வேண்டாம் மாமி, தாங்க்ஸ்" என்று சொல்லக் கற்கலாம்.

சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பழைய மொழிபெயர்ப்பில் சப்பாணி, குருடன், செவிடன், ஊமையன், குஷ்டரோகி என்றே வரும். கோயிலில் பயபக்தியோடு கேட்கும் அதே சொல் தெருவில் விளையாடும்போது வசையாகிவிடுகிறது. வேதாகமத்தில் இருக்கிறதே என்று பிள்ளை திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? நான் வாசிக்கும்போதே "காது கேளாதவர்" என்று மாற்றி வாசித்துவிடுகிறேன். என் மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. "வேதத்துல கை வைக்காதே" என்கிறார். இன்னும் சமரசம் ஆகவில்லை.

வீட்டு ஜெபத்துக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. ஜெபம் முடிந்த பின்னும் வீடு பேசிக்கொண்டே இருக்கிறது. ஒரு நாள் கலாத்தியர் 3:28 வாசித்து, யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று சொல்லி ஆமென் போட்டோம். பத்து நிமிடத்தில் ஒரு சொந்தக்காரர் போன் செய்து, ஒரு வரனைப் பற்றி, "பொண்ணு நம்ம ஆளுங்கதானே?" என்று கேட்டார். ஸ்பீக்கரில் இருந்தது. மகள் தூங்கவில்லை. "நம்ம ஆளுங்கன்னா யாரும்மா?" என்று அவள் கேட்டதற்கு நேர்மையான பதிலை ஐந்து வயதுக்கு எப்படிச் சொல்வது? சாதி வேற்றுமையைச் சபைக்குள் அடியோடு விட்டுவிட வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் கடிதம் எழுதியது 1833இல். அதைக் கேட்டுத் தஞ்சாவூரிலும் இங்கே வேப்பேரியிலும் எத்தனையோ பேர் சபையை விட்டே விலகினார்கள். ஒரே பந்தியில் உட்காருவது அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கிறது. அந்தப் போனை எடுத்த எங்களுக்கும் இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. எனவே எல்லாவற்றையும் பெற்றோரிடமே விட்டுவிடலாம் என்பதை என்னால் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. வீட்டில் கேட்பதற்கு மாற்றாக ஒன்றைப் பிள்ளை வெளியே பார்க்கவும் வேண்டும்.

பலதரப்பட்ட பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடமாகப் பார்த்துச் சேர்க்கலாமே என்று தோழி ஒருத்தி சொன்னாள். நல்ல யோசனைதான். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளைப் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்று 2016ஆம் வருடச் சட்டமும் சொல்கிறது. ஆனால் நடுத்தரக் குடும்பத்துக்குப் பள்ளியை முடிவு செய்வது ஃபீஸும் வேன் வரும் வழியும். அதை விட்டுவிடுகிறேன்.

கடைசியாக, பக்கத்து இருக்கை, அதாவது யாரும் வாய்விட்டுச் சொல்லாத அந்த நான்காவது வழி. பையனின் அம்மாவிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். சின்னப் பட்டியல்தான் சொன்னார். பேசுகிறவர் முகம் அவனுக்குத் தெரிய வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக் கூடாது. கடகடவென்று சத்தம் போடும் அந்த ஃபேனை மாற்ற வேண்டும். பாட்டுக்கு கீபோர்டு வேண்டாம், கைதட்டல் போதும். பெஞ்சு வரிசையை எடுத்துவிட்டு வட்டமாக உட்கார வைத்தோம். ஃபேனுக்கு ஆன செலவைத் தவிர வேறொன்றும் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவது நின்றதில், எப்போதும் வாயே திறக்காத இன்னொரு பெண்ணும் பேச ஆரம்பித்தாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

முதல் மூன்று வாரம் என் மகளும் அவனும் பேசிக்கொள்ளவே இல்லை. இந்த வழியின் குறை இதுதான், பலன் தெரிய நாளாகும், படம் எடுத்து சபைப் பத்திரிகையில் போடவும் ஒன்றும் இருக்காது. நான்காவது வாரம் பச்சை கிரேயானுக்காக இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள். அவன் கையில் கீறல், இவள் முடி கலைந்திருந்தது. டீச்சராக இருவரையும் கண்டித்தேன். அம்மாவாக எனக்கு நிம்மதியாக இருந்தது, "பாவம்" என்று நினைக்கிற பிள்ளையிடம் கிரேயானைப் பிடுங்கிச் சண்டை போட வராது. அன்றிரவு ஜெபத்தில் அவள் தானாகவே அவன் பெயரைச் சொன்னாள். "அவன் பச்சை கிரேயானைத் திருப்பித் தரணும்" என்பதுதான் விண்ணப்பம்.

ஏப்ரல் கூட்டத்தில் நான் சொன்னது இது. இல்லத்துக்குப் போவது இந்த வயதுக்கு வேண்டாம். ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இருக்கையைச் சரிசெய்வோம், இரண்டு செய்ய முடியும் என்றால் வீட்டு ஜெபத்துக்குப் பெற்றோருக்கு மேவிபோசேத், மோசே, சமாரியன் கதைகளைக் கொடுத்தனுப்புவோம். இருக்கை பழக்கத்தைக் கொடுக்கிறது, பழகியதற்கு ஒரு பெயரைக் கதை கொடுக்கிறது. வரிசை மாறினால் கதை வெறும் கதையாகவே நின்றுவிடுகிறது, எனக்கு அப்படித்தான் நின்றது. வி.பி.எஸ். நடக்கட்டும், ஆனால் தலைப்பை மாற்றுவதைவிட ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்து, வேக ஒப்பித்தலுக்கான பரிசை எடுத்துவிட்டு, வகுப்பைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிப்பது அவசியம். பரிசை எடுப்பதற்கு மட்டும் எதிர்ப்பு வந்தது. ஸ்பீக்கர் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. ஹாலின் வாசலில் இரண்டு படிகள் இருப்பதை அந்தக் கூட்டத்தில்தான் முதன்முதலாகக் கவனித்தோம். எங்களில் யாருக்கும் அவை இதுவரை படியாகவே தெரிந்ததில்லை. சாய்வுப் பலகை அடிக்கத் தச்சரிடம் விலை கேட்டிருக்கிறோம்.

பையன் வி.பி.எஸ்.ஸுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். அந்தக் காந்தத்தைத் தொட்டுப் பார்க்கலாமா என்று என் மகள் வாராவாரம் கேட்கிறாள். அவன் வாராவாரம் "மாட்டேன்" என்கிறான்.